கனிக்கு எடுத்து வெச்ச கிண்ணம்

மெல்லமா உக்காருங்க சார். அந்தப் பை மேல மட்டும் சாஞ்சுக்காதீங்க, நசுங்கிப்போயிரும். இருங்க, நான் மடியிலயே வெச்சுக்கறேன். காளானுங்க. தேக்கெலையில மடிச்சு மேல ஈரத்துணி சுத்தியிருக்கறேன். வாசம் வருதுங்களா? புத்துக்காளான் வாசமே தனிங்க. கடையில டப்பாவுல அடைச்சு விக்கறாங்களே, அது ஷெட்டுக்குள்ள வெய்யில் தெரியாம வளந்தது. இது இடிச் சத்தம் கேட்டு எந்திரிச்சு வந்தது.

நீங்க ஈரோடு வரைக்குமுங்களா? நான் சித்தோட்டுல எறங்கிருவேன். எந்தம்பி சென்னியப்பன் அங்க குடியிருக்கறான், மில்லுல வேலை. மூணு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் போறேன். ஞாயித்துக்கெழமை போன் பண்ணி வரச் சொன்னாங்க. தம்பி பண்ணலீங்க, அவன் மக பண்ணுனா. கனிஷ்கான்னு பேரு, கனின்னு கூப்புடுவோம். பத்து வயசு ஆச்சு. பஸ் ஸ்டாப்புலயே வந்து நிக்கறேன்னு சொல்லியிருக்கறா. அவளுக்குத்தான் இந்தக் காளான்.

பயமா? எனக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க. எங்க செங்கரட்டுல வந்து விசாரிச்சுப் பாருங்க. காளான்னா இந்த ஆறுச்சாமிதான். மழை பேஞ்சு மக்யா நாள் வெடியால எந்திரிச்சுக் கதவைத் தொறந்தா வாசல்ல அஞ்சாறு கூடை வந்து நிக்கும். ஆடு மேய்க்கறவங்க, கரும்பு வெட்டப் போறவங்க, பள்ளிக்கூடத்து டீச்சரம்மா கூட வந்து நின்னிருக்கறாங்க. "ஆறுச்சாமிண்ணா, இது ஆகுமுங்களா?" ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்து, ஆகறதை இந்தப் பக்கம், ஆகாததை அந்தப் பக்கம் போடுவேன். ஒண்ணே ஒண்ணு சந்தேகமா இருந்தாலும் கூடையவே குப்பையில கவுத்திருவேன். அவங்களுக்கு மூஞ்சி சுண்டிப்போகும். போனாப் போகட்டும். காளான் இல்லாத கொழம்பைத் தின்னு ஒருத்தரும் செத்ததில்ல.

பூண்டா? அட, நீங்களும் அதையே கேக்கறீங்க. பூண்டைப் போட்டா கறுத்துப்போகும், மஞ்சப் பொடி போட்டா நெறம் மாறும், வெள்ளிக் கொலுசைப் போட்டு வேக வெச்சாத் தெரிஞ்சு போகும், பூச்சி கடிச்சிருந்தா நல்ல காளான். எல்லாம் சும்மா சார். பேய்க்காளானைப் பூச்சி நல்லா ருசிச்சுத் திங்கும். பூச்சிக்கு அது சோறு, நமக்கு எமன். நம்ம பக்கத்துக் காளானுக்கு வழி ஒண்ணுதான் இருக்குது. அடியைப் பாக்கோணும்.

புத்துக்காளானுக்கு அடியில வால் மாதிரி நீளமா வேர் போகும். சிலதுக்கு ஒரு மொழம் கூடப் போகும், நேராக் கரையான் புத்துக்குள்ள. குச்சியை வெச்சுச் சுத்தியும் மண்ணைக் கிளறி, அந்த வால் அறாம எடுக்கோணும். பேய்க்காளானுக்கு அந்த வால் கெடையாது. முட்டை ஓட்டுக்குள்ள நிக்கற மாதிரி அடியில ஒரு பை இருக்கும். தண்டுல பாவாடை கட்டுன மாதிரி மெல்லிசா ஒரு தோலு தொங்கும். மேல பாத்தீங்கன்னா ரெண்டும் வெள்ளைக் கொடைதான், அக்கா தங்கச்சி மாதிரி. அதனால அடியைப் பாக்காம ஒரு காளானையும் ஊட்டுக்குள்ள விடக் கூடாது. நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். இன்னைக்கு உங்களுக்கும் சொல்லிட்டேன்.

இப்ப ஒருத்தரும் கூடையைக் கொண்டாறதில்லீங்க. என்னைக் கண்டா மூடிட்டுப் போறாங்க. நேத்துப் பேஞ்ச மழையில இன்னைக்கு மொளைச்ச பசங்க, போன்ல படம் புடிச்சுப் பாத்துட்டு ஆகும் ஆகாதுங்கறானுக. அவனுகளை நம்பறாங்க.

ஏன்னா கேக்கறீங்க? சொல்றதுக்கென்ன. எப்புடியும் பவானி தாண்டற வரைக்கும் பேசிட்டுத்தான போகோணும். எங்க ஊருல நான் கொலைகாரனுங்க. தம்பி பொண்டாட்டிக்குத் தெரிஞ்சே பேய்க்காளானைக் குடுத்தவன். பாகம் பிரிக்காத காடு நாலு ஏக்கரா இருக்குது, அதுக்காகவாம். எனக்குக் கல்யாணம் ஆகலீங்க. புள்ளை குட்டி இல்ல. அந்தக் காட்டைத் தலையில தூக்கி வெச்சுட்டா நான் போகப் போறேன்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

அவங்க சொல்ற காரணத்தைக் கேளுங்க. அன்னைக்கு எல்லாரும் தின்னாங்க, ஆறுச்சாமி மட்டும் திங்கல. ஏன் திங்கல? அவனுக்குத் தெரியும், அதான் திங்கல. இவ்வளவுதான் அவங்க வழக்கு. நீங்களே சொல்லுங்க, அன்னைக்குப் புரட்டாசிச் சனிக்கெழமை. நான் பதினேழு வயசுல இருந்து புரட்டாசிச் சனி ஒரு பொழுது. காளான் எங்களுக்குக் கறிக் கணக்குத்தான், வெரத நாள்ல வாயில வெக்க மாட்டேன். இது அந்த ஊருக்கே தெரியும். தெரிஞ்சும் பேசறாங்க.

அப்புறம் எதுக்கு அன்னைக்குப் போயிக் காளானைக் கொண்டாந்தேன்னு கேப்பீங்க. நான் தேடிப் போகலீங்க. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனேன். ஓடைக்கரையில ஒரு பெரிய புத்து இருக்குது. அதைச் சுத்திப் பூத்துக் கெடந்துது சார். புத்து மேலயும் இருந்துது, கொஞ்சம் தள்ளி மரத்தடியிலயும் இருந்துது. விட்டுட்டு வந்தா மக்யா நாள் புழு வெச்சுப்போகும். நான் திங்காட்டிப் போகுது, ஊட்டுல திங்கட்டும்னு நெனச்சேன்.

துளசி திங்கட்டும்னு நெனச்சேன். துளசிமணிங்க, தம்பி பொண்டாட்டி. ஒம்பது வருசம் அவ கையிலதான் சோறு தின்னேன். ஒரு நாள் மூஞ்சியச் சுளிச்சதில்ல. "மாமா, சுடுதண்ணி வெச்சிருக்கறேன், மாமா, தட்டுப் போட்டுட்டேன்" அப்படீம்பா. டவுன்ல வளந்தவ, பெருந்துறை. காளான்னா அவளுக்கு உசுரு. ஆனா அந்தச் சனிக்கெழமைக்கு முந்துன புதன்கெழமை நான் கொண்டாந்த காளானைக் கொழம்பு வெச்சுட்டு, தின்னுட்டிருக்கறப்பவே சிரிச்சா. "ஏனுங்க மாமா, மண்ணு நறநறங்குதுங்களே, புத்தையே பேத்துட்டு வந்துட்டீங்களா?" தம்பியும் சிரிச்சான். கனியும் சிரிச்சா. நானும் சிரிச்சேன்.

சிரிச்சேனுங்க, ஆனா சுருக்குன்னு இருந்துது. நாப்பது வருசமாக் கொண்டாறேன், ஒருத்தர் ஒரு கொறை சொன்னதில்ல. அதனால சனிக்கெழமை குச்சியை எடுக்கல. மண்ணுதான வேண்டாம், மண்ணே இல்லாமக் கொண்டாறேன் பாருன்னு கருக்கருவாளை எடுத்து, தரையோட தரையா, சுத்தமா அறுத்துட்டு வந்தேன். அவதான் அறுக்கச் சொன்னா. இதை நல்லாக் கேட்டுக்கோங்க சார். நான் அறுக்கற ஆளே இல்ல. அவ சொன்னதுனாலதான் அறுத்தேன்.

கூடையைப் பாத்துட்டு அவ என்ன சொன்னாங்கறீங்க? "மாமா, மல்லிப்பூ மாதிரி இருக்குதுங்க." ஒண்ணு ரெண்டுல தோலு தொங்குச்சு. "இது என்னங்க மாமா?" அப்படீன்னா. மழைக்கு உரிஞ்சிருக்கும்னு சொல்லிட்டேன். "பூண்டு போட்டுப் பாக்கட்டுங்களா?" அப்படீன்னா. நான் சிரிச்சுட்டேன். ஆறுச்சாமி கொண்டாந்த காளானுக்குப் பூண்டு வெச்சா பாப்பாங்க?

ஏழு மணிக்குத் தின்னாங்க. தம்பிக்குக் கடவாய்ப் பல்லு வலி. ரெண்டு வாய் தின்னுட்டு மோர் ஊத்திக் குடிச்சுட்டுப் படுத்துட்டான். துளசி தட்டை வழிச்சுத் தின்னா. கனி ஊட்டுப் பாடம் எழுதிட்டே தூங்கிப்போயிட்டா. எழுப்பிப் பாத்தா, எந்திரிக்கல. "வெடியாலத் திங்கட்டும்"னு சொல்லி அவளுக்குன்னு ஒரு கிண்ணத்துல எடுத்து மூடி வெச்சா துளசி. எவர்சில்வர் கிண்ணம், கனி பேரு வெட்டுனது. அந்தப் புள்ளைக்குக் காது குத்துறப்ப நான் வாங்கிக் குடுத்தது.

வெடியால அஞ்சு மணிக்கு ரெண்டு பேருக்கும் வாந்தி. வயித்தால போகுது. துளசி ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில செவுத்தைப் புடிச்சுட்டு நிக்கறா, நிக்க முடியாம உக்காந்துட்டா. நான் ஆம்புலன்சுக்கு போன் பண்ணிட்டு உள்ள வந்து பாக்கறேன், கனி எந்திரிச்சுக் கிண்ணத்தைத் தொறந்து கையை உட்டுட்டா. வாய்க்குப் போகுது கை.

புடுங்கிட்டேன் சார். கையைத் தட்டிக் கிண்ணத்தைப் புடுங்கிட்டேன். புள்ளை அழுகுது. ஓடைக்கரைக்கு ஓடிப்போயி, புத்து ஓரமாக் கொழம்பைக் கவுத்துட்டு வந்தேன். எங்களுக்கு அது மொறைங்க. காளான் கழுவுன தண்ணி, மிச்சம் மீதி எல்லாத்தையும் எடுத்த தாவுலயே கொண்டுபோயிச் சேத்திரோணும், அப்பத்தான் அடுத்த வருசம் பூக்கும். மொறையைச் செஞ்சேன். அதையுந்தான் ஊருக்காரங்க தப்பாப் பேசறாங்க.

அந்த நேரத்துலயா மொறைன்னு கேக்கறீங்க. மொறைன்னா மொறைதானுங்க. நேரங்காலம் என்ன இருக்குது.

ஆஸ்பத்திரியில டாக்டரு கேட்டாரு, என்ன தின்னாங்கன்னு. காளான்னு சொன்னேன். என்ன காளான், மிச்சம் இருந்தாக் கொண்டாங்கன்னாரு. மிச்சம் இல்லீங்க, புத்துக்காளான், நாப்பது வருசமாப் பொறுக்கறவன் நான், அதுல ஒண்ணும் கொறை வராது, வேற ஏதாச்சும் ஒத்துக்காமப் போயிருக்கும்னு சொன்னேன். அவரு அதையே சீட்டுல எழுதிக்கிட்டாரு.

திங்கக்கெழமை பொழுதோட ரெண்டு பேருக்கும் நின்னுபோச்சு. துளசி எந்திரிச்சு உக்காந்து தலை சீவுனா. டாக்டரு இன்னும் ரெண்டு நாள் இருக்கோணும், ரத்தம் எடுத்துப் பாக்கோணும்னாரு. தம்பி இருந்துக்கறேன்னுட்டான். அவதான் ஊட்டுல கனி தனியா இருக்கறான்னு தவிச்சா. "மாமா, எனக்குச் சரியாப்போச்சுங்க, ஊட்டுக்குப் போலாமுங்க." நான்தான் கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வந்தேன். எனக்கும் அப்பாடான்னு இருந்துது. பாத்தியா, ஒண்ணும் இல்ல, காளான்ல ஒண்ணும் இல்லன்னு மனசுக்குள்ள ஓடுது. நானே ரசம் வெச்சுக் குடுத்தேன். குடிச்சுட்டு என்ன சொன்னா தெரியுங்களா? "நீங்க வெச்ச ரசத்துல மண்ணு இல்லீங்க மாமா." கிண்டல் பண்ணுறா. கனியை மடியில போட்டுட்டுச் சிரிச்சா.

செவ்வாக்கெழமை வெடியால கண்ணு மஞ்சளாப் போச்சு. மறுக்கா தூக்கிட்டு ஓடுனோம். வியாழக்கெழமை போயிட்டா. ஈரல் அழுகிப்போச்சுன்னாங்க. பேய்க்காளான் அப்படித்தானுங்க செய்யும். ஒரு நாள் விட்டுப் புடிக்கும். நல்லாகிட்ட மாதிரி காட்டிட்டு அப்புறம் கொண்டுபோகும்.

பதினாறாம் நாள் காரியம் முடிச்சுட்டு, தம்பி புள்ளையைக் கூட்டிட்டுச் சித்தோட்டுக்குப் போயிட்டான். போறப்ப ஒரு வார்த்தை திட்டலீங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அதுல இருந்து ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. சோத்துல வாயை வெச்சா மண்ணு நறநறங்குது. அரிசியை ஏழு தண்ணி கழுவறேன். சாக்கு மாத்திப் பாத்தேன், கடை மாத்திப் பாத்தேன். ஓட்டல்ல தின்னாலும் நறநறங்குது. பல்லு டாக்டருகிட்டப் போனேன், பல்லெல்லாம் நல்லா இருக்குதுன்னுட்டாரு. தண்ணி குடிச்சாக் கூடங்க. வெறும் தண்ணியில ஏதுங்க மண்ணு? பின்னால அவ நின்னு சிரிக்கற மாதிரியே இருக்கும். திரும்பிப் பாக்க மாட்டேன்.

அந்தப் புத்துப் பக்கமே மூணு வருசமாப் போகல. இன்னைக்கு வெடியாலதான் போனேன். கனி போன் பண்ணுனதுக்கு அப்புறம், போகாம இருக்க முடியல. போயிப் பாத்தா, நம்ப மாட்டீங்க சார், நான் அன்னைக்குக் கொழம்பைக் கவுத்த எடத்துல இருந்து மரத்தடி வரைக்கும் வெள்ளை வெளேர்னு பூத்துக் கெடக்குது. துளசி மன்னிச்சுட்டான்னு அப்படியே உக்காந்து அழுதேன். அவ அனுப்பிச்சதுங்க இது. அவ புள்ளைக்கு. அதான் எடுத்துட்டு வந்தேன்.

கனி போன்ல கேட்டா சார். "பெரீப்பா, அன்னைக்கு ஏன் என் கிண்ணத்தைப் புடுங்குனீங்க? எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. நீங்க வந்து சொல்லுங்க, நீங்க சொன்னா நான் நம்பறேன்." நான் என்னத்தைச் சொல்றது? வாயில சொன்னா வெளங்குமா? அதான் இதை ஆக்கி, ஒரு கிண்ணத்துல ஊத்தி, இந்தா சாமி, அன்னைக்குப் புடுங்குனதை இன்னைக்குக் குடுக்கறேன்னு அவ கையில குடுக்கப் போறேன். நான் நல்ல காளானைத்தான் கொண்டாருவேன்னு அவ தெரிஞ்சுக்கோணும். சென்னியப்பன் பயப்படுவான். பயப்படட்டும். அவன் கண்ணு முன்னால மொதல்ல நான் திங்கறேன். அரை மணி நேரம் பாக்கட்டும். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா அப்புறம் அவங்க திங்கட்டும்.

என்னங்க? எத்தனை மணிக்கா? அதான் சொன்னனுங்களே. ஏழு மணிக்குத் தின்னாங்க. வெடியால அஞ்சு மணிக்கு வாந்தி. ஏழுல இருந்து அஞ்சு, பத்து மணி நேரம்.

பத்து மணி நேரமுங்க.

ஏனுங்க, பையை எதுக்குப் புடிக்கறீங்க? பாக்கோணுமா? பாருங்க, தாராளமாப் பாருங்க. நானே அவுக்கறேன். ஒரு பொட்டு மண்ணு இருக்குதான்னு பாருங்க. புள்ளைக்கு மண்ணு ஆகாதுன்னு சுத்தமா அறுத்து...

அடியா? அடி அங்கதானுங்க இருக்குது. மண்ணுக்குள்ள.

எந்தத் தோலு? எங்கீங்க? இது மழைக்கு உரிஞ்சது. இது... குடுங்க, கிட்டக் கொண்டாங்க. கண்ணாடியை எடுத்துக்கறேன். இதுலயும் இருக்குது. இதுலயும்.

பவானிப் பாலம் தாண்டிட்டமுங்களா? தாண்டிட்டோம். வெரசாப் போறான் இந்த டிரைவரு.

சார், நான் ஒண்ணு உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன். துளசி அறுக்கச் சொல்லலீங்க. மண்ணு நறநறங்குதுன்னுதான் சொன்னா. இன்னொரு தண்ணி கழுவியிருந்தாத் தீந்துபோச்சு. அவ சிரிச்சது எனக்குப் பொறுக்கல. அடியைப் பாக்காம அறுத்தேன். கனி கையில இருந்து கிண்ணத்தைப் புடுங்கறப்பவே எனக்குத் தெரியும் சார். மொறையும் இல்ல ஒண்ணும் இல்ல. தெரிஞ்சுதான் ஓடுனேன். டாக்டரு கேட்டப்ப அதைச் சொல்லியிருந்தா, அன்னைக்கே வேற வைத்தியம் பாத்திருப்பாங்களோ என்னமோ. பொழச்சிருப்பாளோ என்னமோ. எனக்கு வாய் வரலீங்க. ஆறுச்சாமிக்குக் காளான் தெரியலைன்னு ஆயிருமேன்னு வாய் வரல.

சித்தோடு வந்துருச்சு. அதா, அதா நிக்கறா பாருங்க, செவப்புச் சட்டை, ரெட்டைச் சடை. அப்படியே துளசி. கைய ஆட்டறா. சென்னியப்பன் பின்னால நிக்கறான், நரைச்சுப்போயிட்டான்.

இந்தப் பையை நீங்க வெச்சுக்... வேண்டாமுங்க, வேண்டாம். சீட்டுக்கு அடியிலயும் போடக் கூடாது. வாசம் நல்லா இருக்குதுன்னு யாராச்சும் கொண்டுபோயி ஆக்கித் தின்னுருவாங்க. நானே கொண்டு போறேன். ஒரு குழி தோண்டி ஆழமாப் பொதைச்சர்றேன்.

கண்டக்டர், எறங்கோணுமுங்க, கொஞ்சம் நில்லுங்க. வழி விடுங்க சார். அவ ஓடியாந்து பையைத்தான் மொதல்ல புடிப்பா. தலைக்கு மேல தூக்கிக்குவேன். மறுபடியும் ஏன் புடுங்கறீங்க பெரீப்பான்னு கேப்பா. இந்தத் தடவை ஏன்னு சொல்லிர்றனுங்க.